கறி தோசை வருமா, வராதா? எங்க ஏரியா மெஸ்ஸும் அதோட கவனிப்பும்

கேள்வி

மதுரைக்கு மாற்றலாகி வந்து மூணு மாசம். வைகைக்கு வடக்கே குடியிருக்கேன். பக்கத்துல ஒரு மெஸ், ஊரே புகழுது. நேத்து ராத்திரி போனேன். தண்ணி வைக்கவே பத்து நிமிஷம். சப்ளையர் நம்ம முகத்தையே பார்க்க மாட்டேங்கறார். சாப்பாடு நல்லாத்தான் இருந்தது, மறுக்கலை. ஆனா இந்த லட்சணத்துல இவ்வளவு கூட்டம் எப்படி வருது? ருசி இருந்தா எதையும் பொறுத்துக்கணுமா?

8 ஜூன் 2025, இரவு 11.10

எந்தக் கடைன்னு புரிஞ்சுபோச்சு. பேர் வேண்டாம். நீல ஷட்டர், வாசல்ல வேப்பமரம், மரத்தடியில கை கழுவுற குழாய். அதானே? 11 வருஷமா போறேன். இன்னைக்கும் போயிட்டுத்தான் வந்தேன். வயித்தெரிச்சலோட எழுதறேன், காரத்தால வந்த எரிச்சல் இல்ல.

எட்டரைக்கு உட்கார்ந்தோம், நானும் வீட்டுக்காரம்மாவும். ஒரு கறி தோசை, ஒரு முட்டை தோசை, ஒரு சுக்கா. சப்ளையர் நரைமீசைக்காரர் காதுல வாங்கின மாதிரியும் இருந்தது, வாங்காத மாதிரியும் இருந்தது. அப்புறம் நாற்பது நிமிஷம் ஆள் திரும்பலை. எங்களுக்குப் பின்னாடி வந்த நாலு பசங்க சாப்பிட்டு, கை கழுவி, பல் குத்திக்கிட்டே வெளிய போயாச்சு. "அண்ணே, கறி தோசை?"ன்னா "வருது சார்". இன்னொரு தடவை கேட்டா அதே "வருது சார்". அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் கால் வேற பக்கம் போய்க்கிட்டு இருக்கும். கடைசியில வந்தது கொத்துப் பரோட்டா. நாங்க சொல்லவே இல்ல. "இது எங்களுது இல்லண்ணே"ன்னேன். அதைத் தூக்கிட்டுப் போனார். மன்னிப்பும் கிடையாது, ஒரு முணுமுணுப்பும் கிடையாது.

அப்புறம் கறி தோசை வந்தது. அதுதான் கொடுமை. ஒரு வாய் வச்சதும் கோபம் போயிடுச்சு. இப்ப வீட்டுக்கு வந்ததும் திரும்பவும் வந்துடுச்சு.

9 ஜூன், காலை 7.40

திருத்தம். நாற்பது நிமிஷம் இல்லையாம், இருபத்தஞ்சாம். வீட்டுக்காரம்மா செல்போன்ல மணி பார்த்திருக்காங்க. பசிச்ச வயித்துக்கு வேற கடிகாரம்.

9 ஜூன், பகல் 1.15

"அப்படியென்ன அந்த சுக்கால இருக்கு?"ன்னு கேட்டவருக்கு. சின்ன வெங்காயம் முழுசு முழுசா கிடக்கும், ஆனா விரல் பட்டா மசியும். மசாலா பூசின மாதிரி இருக்காது, கறிக்குள்ள இறங்கியிருக்கும். சீரகமும் மிளகும் தெரியும், கரம் மசாலா வாசனை துளி வராது. கொழுப்புத் துண்டு நாலுக்கு ஒண்ணு. குடல் குழம்பு இட்லிக்குன்னே பிறந்தது. ஞாயித்துக்கிழமை மட்டும் ரத்தப் பொரியல், அதுவும் பதினோரு மணிக்குள்ள போனாத்தான்.

கறி தோசை பத்தி வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை. மேல கறி தூவின தோசைன்னு நினைச்சுக்காதீங்க. தடிமனா மாவை ஊத்தி, அது மேல அடிச்ச முட்டை, அது மேல பொடிசா நறுக்கி வதக்கின கறி, அப்புறம் மொத்தமா திருப்பிப் போட்டு அழுத்தணும். தீ கூடினா அடி கருகி உள்ள மாவு பச்சையா நிக்கும். அவசரப்படுத்தினா கெட்டுப்போற பண்டம். இது பின்னாடி நான் சொல்லப்போறதுக்கு வேணும், ஞாபகம் வச்சுக்குங்க.

14 ஜூன், இரவு 10.05

டிப்ஸ் கொடுத்துப் பாருங்கன்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. கொடுக்காமலா இருந்திருப்பேன்? போன தடவையே 20 ரூபாய் வச்சேன். இன்னைக்குப் போனா மனுஷன் என்னைப் பார்த்து லேசா தலையசைச்சார். ஆகா, 20 ரூபாய் வேலை செஞ்சிருக்குன்னு நிமிர்ந்து உட்கார்ந்தேன். தலையசைச்சது எனக்குப் பின்னாடி நின்ன டெலிவரி பையனுக்கு.

15 ஜூன், காலை 9.30

டிப்ஸ்னு ஆரம்பிச்சதும் பேச்சு சர்வீஸ் சார்ஜுக்குப் போயிடுச்சு. இந்த மெஸ்ல அதெல்லாம் கிடையாது, கல்லாவுல இருக்கிற அக்காவுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. பெரிய ஹோட்டல்ல 10 சதவீதம் போட்டாங்கன்னு புலம்பினவருக்கு மட்டும் சொல்றேன். 2022 ஜூலை 4-ஆம் தேதியே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு வழிகாட்டுதல் போட்டாச்சு. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2025 மார்ச் 28-ல வந்த தீர்ப்பு ஆணையத்தோட பக்கம். எடுக்கச் சொல்லிக் கேளுங்க, மாட்டேன்னா நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க. எங்க மெஸ்ஸுக்கு வருவோம்.

22 ஜூன், மாலை 4.20

இன்னைக்கு ஒரு அதிசயம். மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். வழக்கமா ராத்திரி ஆளு நான், மதியம் போய் ஒரு வருஷம் இருக்கும்.

அதே நரைமீசை. அதே கடை. உட்கார்ந்து சட்டைக் கையை மடிக்கறதுக்குள்ள இலை விழுந்தது. தண்ணி தெளிச்சேன், கூட்டு, பொரியல், ஊறுகாய். அன்னக்கூடையோட ஒருத்தர், குழம்பு வாளியோட ஒருத்தர். கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன் குழம்பு, ரசம், மோர், எதையும் கேட்டு வாங்கலை. நரைமீசை கையில தாம்பாளம். அதுல சின்னச் சின்னத் தட்டுல சுக்கா, ஈரல், குடல், கோலா உருண்டை. "என்ன சார் வைக்க?"ன்னு குனிஞ்சு நிக்கறார். முகத்தைப் பார்த்துக் கேக்கறார்! கோலாவைக் காட்டினேன், வச்சார், நகர்ந்தார். சோறு முடியப்போகுதுன்னு நான் நினைக்கறதுக்குள்ள அன்னக்கூடை பக்கத்துல நிக்குது. போதும்னு ரெண்டு கையையும் இலை மேல குறுக்கே வச்சும் விடலை, "ரசத்துக்குக் கொஞ்சம் சார்".

கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி சாப்பிட்டு வந்திருக்கேன். ராத்திரி இந்த மனுஷனுக்கு என்ன ஆகுது?

22 ஜூன், இரவு 9.50

சாயங்காலம் பூரா இதையே யோசிச்சேன், தூக்கம் வரலை (மூணாவது தடவை சோறு வாங்கினதும் காரணமா இருக்கலாம்). எனக்குத் தோணினது இது. மதியம் நடக்கறது பந்தி. எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே வரிசை. வாளியைத் தூக்கிட்டு முதல் இலையில இருந்து கடைசி இலை வரைக்கும் நடந்தா வேலை முடிஞ்சது. யாரு என்ன சொன்னான்னு ஒருத்தரும் மனசுல வச்சுக்க வேண்டாம். தாம்பாளத்தோட சூட்சுமமும் அதேதான். ஆர்டர்னு ஒண்ணே கிடையாது, கண்ணுக்கு முன்னாடி இருக்கறதைக் கை காட்டறோம், அவ்வளவுதான். பந்தி பரிமாறறது நம்ம ஆளுங்களுக்கு ரத்தத்துல ஊறினது.

ராத்திரி அப்படி இல்ல. ஒரு மேசைக்கு முட்டை தோசை, அடுத்ததுக்கு நாலு பரோட்டா, மூணாவதுக்கு ரோஸ்ட் "முறுகலா, எண்ணெய் கம்மியா". இதுல எதுவும் எழுதறது கிடையாது. எல்லாம் மண்டைக்குள்ள. அடுப்படி வாசல்ல நின்னு ஒரு கூவல், உள்ள இருந்து மாஸ்டர் கல்லைத் தட்டினா கேட்டுச்சுன்னு அர்த்தம்.

ஆக ஆள் மோசம் இல்ல, ராத்திரிதான் மோசம்.

24 ஜூன், காலை 8.00

ரத்தத்துல ஊறினதாம்! படிச்சுப் பார்த்தா எனக்கே சிரிப்பு வருது. எங்க மச்சான் கல்யாணப் பந்தியில மொத வரிசைக்குப் பாயசமே வரலை, இன்னைக்கு வரைக்கும் அந்தச் சண்டை ஓயலை. அந்த ஒரு வரியை அழிச்சுட்டுப் படிங்க.

6 ஜூலை, இரவு 10.40

திண்டுக்கல்ல ஆறு வருஷம் சப்ளையரா இருந்தேன்னு ஒருத்தர் எழுதியிருக்காரே, இங்க வந்ததுல உருப்படியான பதில் அதுதான். தவறவிட்டவங்களுக்காக நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். சப்ளையர் தலைக்குள்ள ஏழு ஆர்டர் இருக்கும்போது உங்க கண்ணைப் பார்த்துட்டா எட்டாவதை வாங்கியே ஆகணும். எட்டாவது உள்ள வந்தா மூணாவது விழுந்துடும். அதனால அவர் ஏழையும் இறக்கி வைக்கிற வரைக்கும் தரையைப் பார்த்துக்கிட்டே நடப்பாராம். திமிர்னு நாம நினைக்கறது உண்மையில சுமையாம்.

கேள்வி கேட்டவர் ஒரே ராத்திரியில "முகத்தையே பார்க்க மாட்டேங்கறார்"னு கண்டுபிடிச்சுட்டார். நான் 11 வருஷமா அதே ஆளைத் திட்டிக்கிட்டே இருந்திருக்கேன், ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்லை.

7 ஜூலை, காலை 6.55

ஆனா ஒண்ணு. சுமையா இருந்தாலும் தப்பாக் கொண்டுவந்த கொத்துப் பரோட்டாவைத் திருப்பி எடுக்கும்போது "மாறிப்போச்சு சார்"னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதுல நான் இன்னும் விட்டுக்கொடுக்கலை.

13 ஜூலை, இரவு 11.30

சோதனை ஒண்ணு. ஆர்டர் தலையில நிக்கலைன்னா தாள்ல நிக்கட்டுமேன்னு, உட்கார்ந்ததும் நானே ஒரு துண்டுச் சீட்டுல எழுதினேன். "4-ஆம் மேசை. கறி தோசை 1, இட்லி 2, குடல் 1." மரியாதையா நீட்டினேன். நரைமீசை வாங்கிப் பார்த்தார், என்னையும் ஒரு தடவை பார்த்தார், மடிச்சுச் சட்டைப்பையில போட்டுக்கிட்டார். இட்லி வந்தது. குடல் வந்தது. கறி தோசை வரலை. பில்லோட சேர்ந்து அந்தச் சீட்டு பத்திரமா திரும்பி வந்தது.

20 ஜூலை, இரவு 11.05

இன்னைக்குத் தனியா போய் மூலை மேசையில ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன். வீட்டுல சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லலை.

மேசை 9. சப்ளையர் 2 பேர். எச்சில் எடுத்து மேசை துடைக்க ஒரு பையன், அவனையே தண்ணி கொண்டுவரவும் அனுப்பறாங்க. மதியம் நான் பார்த்தது அஞ்சு பேர். என்னோட பந்திக் கொள்கை பாதி அவுட். ஆள் கணக்குலயே பாதிக்கு மேல புரிஞ்சுடுது.

மிச்சப் பாதி பார்சல். கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு குட்டி மெஷின், ஆப்ல ஆர்டர் விழுந்தா கர்ர்னு சீட்டைத் துப்பும். அக்கா கிழிச்சு அடுப்படி ஜன்னல் கம்பியில குத்தறாங்க. மாஸ்டர் கண்ணுக்கு நேரா வரிசையா தொங்குது. நரைமீசையோட கூவல் காத்துல கரைஞ்சுபோகுது. மாஸ்டர் பாவம், எதைப் பார்க்கறாரோ அதைத்தானே போடுவார்? எட்டுல இருந்து ஒம்பதுக்குள்ள 23 பார்சல் போச்சு, எண்ணினேன். உள்ள உட்கார்ந்திருந்தவங்க அதுல பாதி இருப்பாங்க. தோசைக்கல்லு ஒண்ணுதான். அதுல கறி தோசை ஒரே நேரத்துல ரெண்டுக்கு மேல விழாது, போட்டா கல்லு ரொம்ப நேரத்துக்கு அதுக்கே சொந்தம். ரெண்டு கறி தோசை பார்சல் வந்தா உள்ள இருக்கிறவன் கதை முடிஞ்சது.

அப்புறம் இதையும் பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்துல நரைமீசை உட்கார்ந்தது ஒரே தடவை. கவுத்துப் போட்ட தண்ணி கேன் மேல, ரெண்டு நிமிஷம் கூட இருக்காது. 2021-ல நம்ம சட்டசபையில கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்கணும்னு திருத்தம் கொண்டுவந்தாங்க. அப்ப எல்லாரும் துணிக்கடைப் பிள்ளைகளைப் பத்தித்தான் பேசினோம். சாப்பாட்டுக் கடை எனக்கு ஞாபகமே வரலை.

21 ஜூலை, பகல் 12.10

"அப்ப அக்காவே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து எழுதச் சொல்லலாமே"ன்னு கேட்டவருக்கு. கேட்டேன். "எழுதினா மறந்துருவாருப்பா"ன்னு சொன்னாங்க. இதுக்கு நான் என்ன பதில் சொல்ல?

3 ஆகஸ்ட், இரவு 9.30

ஆடிப்பெருக்கு. வீட்டுல கலந்த சாதம், வெளிய போக அனுமதி இல்ல. இருந்தாலும் ஒரு வழி கண்டுபிடிச்சதைச் சொல்லிடறேன். போன வாரம் ரெண்டு தடவை செஞ்சு பார்த்தேன். "கறி தோசை கொடுங்க"ன்னு சொல்றதில்லை. "அண்ணே, ரெடியா என்ன இருக்கு?"ன்னு மட்டும் கேக்கறேன். நின்னு, என்னைப் பார்த்து, "இட்லி இருக்கு, இடியாப்பம் இருக்கு, நெஞ்செலும்பு இருக்கு"ன்னார். "அதையே வைங்க". நாலு நிமிஷத்துல இலையில. மதியத் தாம்பாளத்தை ராத்திரிக்கு வாயால கொண்டுவந்த மாதிரி. ரெண்டு தடவையும் பலிச்சது.

நஷ்டம் என்னன்னா, ரெண்டு வாரமா கறி தோசை சாப்பிடலை.

24 செப்டம்பர், இரவு 8.15

இந்தக் கேள்வி-பதில் தூங்கிப்போயிருந்தது, பரோட்டா வந்து எழுப்பியிருக்கு. "22-ஆம் தேதில இருந்து பரோட்டாவுக்கு ஜிஎஸ்டி இல்லையாமே, உங்க மெஸ் பில்லுல குறைச்சாங்களா?" குறைக்க மாட்டாங்க, குறைக்கவும் வேண்டாம். வரி போனது கடையில பாக்கெட்டுல விக்கிற பரோட்டா, சப்பாத்திக்கு. உட்கார்ந்து சாப்பிட்டா அது ஹோட்டல் சேவைக் கணக்கு, அதுக்கு 2017 நவம்பர்ல ஏசி, ஏசி இல்லாததுன்னு பார்க்காம 5 சதவீதம் ஆக்கினது அப்படியே இருக்கு. காம்போசிஷன் திட்டத்துல (மொத்த விற்பனைக்கு ஒரே சதவீதமா வரி கட்டுற ஏற்பாடு) இருக்கிற சின்னக் கடைன்னா அவங்க கையில இருந்து கட்டணும், நம்மகிட்ட ஜிஎஸ்டின்னு தனியா வாங்கவே கூடாது. எங்க அக்கா வாங்கறதில்லை. பில்லே சிகரெட் அட்டையில எழுதின கூட்டல்தான்.

28 செப்டம்பர், இரவு 10.20

புரட்டாசி. கடை வெறிச்சோடிக் கிடக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி, 9 மேசையில ரெண்டுலதான் ஆள். வண்டியை நிறுத்தும்போதே நரைமீசை வாசலுக்கு வந்துட்டார். "வாங்க சார், ரொம்ப நாளாச்சு." ரொம்ப நாளாச்சாம்! என்னைத் தெரிஞ்சிருக்கு!

தண்ணி உடனே. மேசை ரெண்டு தடவை துடைச்சாச்சு. கறி தோசை சொன்னேன், பன்னெண்டு நிமிஷம். பக்கத்துலயே நின்னார். மூத்த பொண்ணு நர்சிங் படிக்குதாம். முழங்கால் வலிக்கு யாரோ எண்ணெய் கொடுத்தாங்களாம். போன ஆனியில ஒரு சார் சீட்டு எழுதிக் கொடுத்தாராம், யாருன்னு தெரியலையாம், "அப்படியும் ஆளு இருக்காங்க சார்". நான் குனிஞ்சு சாப்பிட்டேன். அவர் நிறுத்தவே இல்ல. ஒரு கட்டத்துல பழைய மாதிரி முகம் பார்க்காம போனா தேவலைன்னு ஆயிடுச்சு.

அது கிடக்கட்டும். சுக்கா நல்லா இல்ல.

நிஜமா. வெங்காயம் கூழாயிருந்தது, கறி நார் நாரா பிரிஞ்சது, ரெண்டு தடவை சூடு பண்ணின வாசனை. 11 வருஷத்துல அந்தக் கடையில இலையில மிச்சம் வச்சது இதுதான் முதல் தடவை. அவர் பார்த்துட்டார். "மதியம் வச்சது சார். ஆள் வரல, தீரலை"ன்னு மெதுவா சொன்னார்.

29 செப்டம்பர், காலை 7.15

ராத்திரி எழுதினதை ஒட்டி இன்னும் கொஞ்சம். கேள்வி கேட்டவர் "இந்த லட்சணத்துல எப்படி இவ்வளவு கூட்டம்"னு ஆரம்பிச்சார் இல்லையா? நானும் இவ்வளவு நாள் கூட்டம்தான் கவனிப்பைக் கெடுக்குதுன்னு எழுதிக்கிட்டு இருந்தேன். அது சரிதான். ஆனா அந்தச் சுக்காவை ருசியா வச்சிருந்ததும் அதே கூட்டம்தான் போல. சின்னச் சட்டியில வைப்பாங்க, ஒரு மணி நேரத்துல தீரும், திரும்ப வைப்பாங்க. நாம எப்பப் போனாலும் அடுப்புல இருந்து இறங்கி அரை மணி தாண்டாத கறி. ஆள் குறைஞ்சா சட்டி தேங்கும், கறி கிடந்து கிடந்து வேகும். இன்னும் ரெண்டு சப்ளையர் போட்டா? சம்பளம் சுக்கா விலையில ஏறும், விலை ஏறினா கூட்டம் குறையும், குறைஞ்சா... போதும், தலை சுத்துது. நான் ஹோட்டல் வைக்கப்போறதில்லை.

4 அக்டோபர், காலை 10.00

இல்ல, நேத்து எழுதின மாதிரி ஆள் போட்டா விலை ஏறும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றது சரியில்லைன்னு திண்டுக்கல்காரர் கோபப்பட்டிருக்கார். (நேத்து இல்ல, போன வாரம்.) ஒரே ஒரு தோசைக்கல்லு கூட வாங்கினா போதும்கிறார். சரிதான். அக்காகிட்ட சொல்லணும். நோட்டுக்கே அந்தப் பதில்னா கல்லுக்கு என்ன வருமோ.

19 அக்டோபர், இரவு 8.50

புரட்டாசி முடிஞ்சு ரெண்டாம் நாள், விடிஞ்சா தீபாவளி. மேசையில உட்கார்ந்துதான் இதைத் தட்டிக்கிட்டு இருக்கேன். வாசல் வரைக்கும் கூட்டம், வேப்பமரத்தடியில டெலிவரி வண்டி ஆறு. கல்லு ஒண்ணுதான், மாத்தமே இல்ல. நரைமீசை ரெண்டு தடவை பக்கத்துல போனார், தரையைப் பார்த்துக்கிட்டே. பொண்ணு படிப்பு எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு வாயைத் திறந்தேன், ஏழு ஆர்டர் ஞாபகம் வந்தது, மூடிக்கிட்டேன்.

சுக்கா வந்துடுச்சு. வெங்காயம் முழுசா இருக்கு, விரல் பட்டா மசியுது.

கறி தோசை சொல்லி இருபது நிமிஷம் ஆச்சு. வீட்டுக்காரம்மா மணி பார்த்துச் சொன்னது, என் கணக்கு இல்ல.

19 அக்டோபர், இரவு 9.05

பரோட்டா வந்திருக்கு. நாங்க சொல்லலை. எடுக்கும்போது "மாறிப்போச்சு சார்"ன்னார்.